தலை தேய்ந்த திருகாணி

சேரம்பாடி பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் வேலாமணி, ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். முட்டிவலி வந்து மேடு ஏற முடியாமல் போனபின் கூடலூரில் போன் ரிப்பேர் தொழில் கற்றுக்கொண்டாள். வீட்டிலேயே திருகித் தலையைத் தேய்த்துவிட்ட திருகாணிகள்தான் அவளிடம் அதிகம் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று முனகிக்கொண்டே கழற்றுவாள்.

ஒரு மழைச் சாயங்காலம் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பரமசிவன் வந்தான். தோளில் அழுகிற கைக்குழந்தை, கையில் பட்டன் போன்.

"ஏனுங்க, இது ஆன் ஆவ மாட்டேங்குது. போன மாசம் செத்துப்போன எம் பொண்டாட்டி பாடி வெச்ச தாலாட்டு இதுலதான் இருக்குது. அதைக் கேட்டாத்தான் இவ தூங்குவா."

வேலாமணி பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். உள்ளே நாலு திருகாணியும் தேய்ந்திருந்தன. கழற்றப் பார்த்தவன் தேய்த்தால் கீறல் இடப்பக்கம் ஓடும். இவற்றில் வலப்பக்கம் ஓடியது. யாரோ வெறிகொண்டு இறுக்கியிருக்கிறார்கள்.

ரப்பர் பேண்டில் ஒரு துண்டு வெட்டித் தலைமேல் வைத்து அழுத்தித் திருகினாள். மூன்று கழன்றன. நாலாவது அசையவில்லை. ஈயம் பற்றவைக்கும் கம்பியால் சூடு காட்டினாள். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. திருகாணியோடு, அதில் சுற்றியிருந்த நீண்ட முடியும் வெளியே வந்தது.

பேய் பிடித்தவளின் முடியை மரத்தில் வைத்து ஆணியடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இது யார் முடி தம்பி?"

அவன் முகம் வெளுத்தது. "அவளோடதுதானுங்க. செத்தவ கொரல் புள்ளையக் கூப்புடுதுன்னு எங்க பெரியக்கா பூசாரிகிட்டப் போறேன்னா. நான் திட்டுனேன். எனக்குத் தெரியாமச் செஞ்சிருக்கா."

"ஆணியப் புடுங்குனாக் கட்டு அவுந்துரும்பாங்க. மறுக்காச் சுத்தி வெச்சரட்டுமா?"

குழந்தை வீரிட்டு அழுதது. "வேண்டாங்க," என்றான். "வந்தா வரட்டும். பெத்தவதானுங்களே."

வேலாமணி முடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். அவன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று குழந்தையைத் தட்டினான். அவள் புதுத் திருகாணி தேடக் குனிந்தாள். சட்டென்று அழுகை நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் தோள்மேலிருந்து குழந்தை, கடைக்குள் ஆளில்லாமல் கிடந்த முக்காலியைப் பார்த்துச் சிரித்தது. மெல்லக் கண்ணை மூடியது.

"பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க," என்று திரும்பாமலே கிசுகிசுத்தான் பரமசிவன். "தூங்கிட்டா."

வேலாமணிக்குக் கேட்டது மழை மட்டும்தான். பேட்டரி இன்னும் மேஜைமேல் கிடந்தது.