தொட்டுக் கும்பிட்ட டிபென்சிவ் எண்ட்

மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் கடையொன்றில் அரிசி மா வாங்க வரிசையில் நின்றபோது, தெரிந்த அன்ரி ஒருவர் என் முழங்கையில் நீலம் பாரித்திருந்த கண்டலைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார்.

"விளையாடினனான் அன்ரி. அமெரிக்கன் ஃபுட்போல். நான் டிபென்சிவ் எண்ட்."

"ஓ, நெற்போலோ பிள்ளை?"

"ஓம் அன்ரி," என்றேன். கூடையில் பந்து போடும் நெற்போலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் வரிசை நீளமாக இருந்தது. எனக்குப் பசித்தது.

உண்மை இதுதான். முப்பத்தாறாவது வயதில், மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஒரு பெண்கள் அணிக்கு நான் ஒரு பருவம் முழுதும் டிபென்சிவ் எண்டாக ஆடினேன். தொலைக்காட்சியில் வரும் தொழில்முறை வீரர்களுக்குப் பத்து வருடம் நீளும் வாழ்க்கை எனக்குக் ஓகஸ்டில், குளிர்காலக் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. அதற்காக அதைக் குறைத்து எழுத மாட்டேன். அவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைப் பற்றி எழுத நான் மட்டும்தான்.

ஆட்டத்தை முழுதாக விளக்கப் போவதில்லை, எனக்கே அது முழுதாகத் தெரியாது. என் வேலையை மட்டும் சொல்கிறேன். இரண்டு அணியும் நேருக்கு நேர் வரிசையாக நிற்கும். எங்கள் வரிசையின் கடைசி ஆள் நான். எதிரணியில் பந்தை எறிபவளுக்குக் குவாட்டர்பாக் என்று பெயர். அவளைக் காக்க முன்னால் ஐந்து தடித்த பெண்கள் நிற்பார்கள். பந்து அசைந்ததும், எனக்கு எதிரே நிற்கும் காவல்காரியை விலக்கிக்கொண்டு ஓடி, குவாட்டர்பாக் பந்தை எறிய முன்னர் அவளைப் பிடித்து விழுத்த வேண்டும். அதற்கு 'சாக்' என்று பெயர். எங்கள் இடத்தில் ஆடுபவளுக்கு சாக் என்பது கலியாண வீட்டில் தாலி கட்டுகிற மாதிரி. மற்றதெல்லாம் சாப்பாடும் படம் எடுப்பும்தான்.

இந்த வம்பில் நான் மாட்டியது வேலையிடத்தில். ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பது என் வேலை. ஒருநாள் விரல் முறிந்த ஒரு பெண் வந்தார். கையை மேசையில் வையுங்கள், அசையாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் தன் விரலைப் பார்க்காமல் என் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் உயரம் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு."

"சனிக்கிழமை என்ன செய்கிறாய்?"

அவர்தான் அணியின் கோச். முறிந்த விரலோடு ஆள் பிடிக்கும் மனுசியிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் உயரத்தைப் பற்றி யாரும் சந்தோஷமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் என் உயரம் ஒரு வியாதி. "கொஞ்சம் குனிஞ்சு நில்லு பிள்ளை, ஆக்கள் பாக்கினம்," என்று அம்மா சொல்லிச் சொல்லியே என் முதுகு வளைந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் நான் கதிரையில் இருக்கிறேன். ஒரு படத்திலும் நிற்கவில்லை. நேரில் வந்து பார்த்த ஒரு குடும்பம், நான் தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வெளியே வந்ததும், நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த மாப்பிள்ளை தேத்தண்ணியை வேகமாகக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார். அம்மாவைக் குறை சொல்லவில்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனாலும் வலித்தது, அதை மறைக்க மாட்டேன்.

முதல் பயிற்சியன்று கோச் என் முதுகில் தட்டினார். "யாருக்குப் பயந்து ஒளிகிறாய்? இந்த இடத்தில் நிற்பவள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறாளோ அவ்வளவு நல்லது." வீடு திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதேன். அழுது முடிந்ததும், சாகும்வரை இந்த இடத்தை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு அளவான சட்டை அணியில் ஒன்றுதான் இருந்தது. எண் தொண்ணூற்றெட்டு. அம்மா அதைத் தோய்த்துக் காயப்போடும்போது கூட்டிப் பார்த்திருக்கிறார். "ஒன்பதும் எட்டும் பதினேழு. ஒண்டும் ஏழும் எட்டு. சனியின்ரை எண்ணடி!" என்றார். வேறு சட்டை என் தோளுக்கு மேல் ஏறாது என்று சொன்னேன்.

சனி சட்டையில் இருக்கவில்லை, என் காலில் இருந்தது.

முதல் ஆட்டம். எதிரே நின்ற காவல்காரியை நான் ஒரு தள்ளுத் தள்ள, அவள் தடுமாறி விழுந்துவிட்டாள். வழி திறந்தது. குவாட்டர்பாக் ஐந்தாறு எட்டில் தனியாக நிற்கிறாள். நான் பாய்ந்தேன். பாயும்போது என் கால் விழுந்து கிடந்தவளின் தோளில் பட்டுவிட்டது.

எங்கள் ஆட்களில் யாருக்கும் அடுத்து நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். புத்தகமோ மனிதரோ, பட்டவுடனே. மூளைக்குச் செய்தி போகுமுன்னரே நான் குனிந்து, அவள் தோளைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றப் போனேன். கை ஹெல்மெட்டின் கம்பியில் இடித்தது. நிமிர்ந்து பார்க்கும்போது பந்து எப்போதோ போய்விட்டது. அந்தப் பக்கத்தில் அவர்கள் புள்ளி எடுத்துத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். விழுந்து கிடந்தவள் மட்டும், "எதையாவது தொலைத்துவிட்டாயா?" என்று அன்பாகக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் கோச் வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். ஓடுகிறேன், குனிகிறேன், கம்பியில் அடிக்கிறேன். திருப்பிப் போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். "இது என்ன?" என்று கேட்டார். விளக்கினேன். அணி முழுவதும் சிரித்தது. அதற்குப் பிறகு தண்ணீர்ப் போத்தலில் கால் பட்டாலும் குனிந்து கும்பிட்டு என்னைப் பகிடி பண்ணினார்கள். கோச் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல பழக்கம்தான். ஆட்டத்தில் வேண்டாம்," என்றார்.

வேண்டாம் என்றால் விட்டுவிடக்கூடிய பழக்கமா அது? அடுத்த மூன்று ஆட்டத்தில் நான்கு தடவை கும்பிட்டேன். நான்கு சாக் போயிற்று.

அம்மாவிடம் முறையிட்டேன். எல்லாம் அவர் பழக்கியதுதானே. அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. "நல்ல பழக்கத்தை நான் ஏன் விடச் சொல்ல வேணும்? உங்கடை கோச்சுக்குத் தாய் சொல்லிக் குடுக்கேல்லை எண்டால் நான் என்ன செய்யிறது?" பிறகு கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே யோசித்து ஒரு வழி சொன்னார். "ஆட்டம் தொடங்க முதலே எல்லாரையும் சேத்து ஒருக்காக் கும்பிட்டு விடு. பிறகு ஆர் மேலை கால் பட்டாலும் கணக்கு முடிஞ்சுது."

சிரிக்காதீர்கள், அதையும் செய்தேன். அடுத்த சனிக்கிழமை களத்தில் இறங்கியதும் எதிரணியின் பக்கம் திரும்பி நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர்கள் அதை ஏதோ பயமுறுத்தும் சடங்கு என்று நினைத்து ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆனால் என் கால் முற்பணத்தை ஏற்கவில்லை. ஆட்டத்தின் முதல் கால்வாசி நேரத்திலேயே ஒருத்தியின் கணுக்காலில் பட, மறுபடி குனிந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. அன்று காலையில் அமெரிக்க ஆட்டங்கள் தொலைக்காட்சியில் போகும். என்னைப் போன்ற இடத்தில் ஆடும் ஒரு தொழில்முறை வீரனை நான் கண்வெட்டாமல் பார்ப்பேன். பல வருடமாக ஆடுகிறவன், ஆர்ப்பாட்டம் இல்லாதவன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். ஆட்டம் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே இரண்டு மாதத்தில் நடுவருக்கு முன்னரே தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார். "அவன் முந்தி வெளிக்கிட்டிட்டான், இப்ப பிழையெண்டு மஞ்சள் துணி எறிவாங்கள் பார்," என்பார். எறிவார்கள். என் ஆளுக்கு 'எங்கடை பெடியன்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை எங்கடை பெடியன் விழுந்து கிடந்தவனின் காலில் மிதித்துக்கொண்டு ஓடிப்போய் குவாட்டர்பாக்கை விழுத்தினான். "பாத்தியோ! மிதிச்சுப்போட்டு ஓடுறான். என்ன வளர்ப்போ," என்று அம்மா உரித்த வெங்காயத்தை எறிந்தார். அதற்குள் அவன் திரும்பி நடந்து வந்து, மிதிபட்டவனைக் கை கொடுத்துத் தூக்கி, ஹெல்மெட்டில் மெதுவாகத் தட்டிவிட்டுப் போனான். அம்மா அடுத்த வெங்காயத்தைக் கையில் எடுத்தார். "ம்ம். பிறகு தூக்கி விடுறான்," என்றார். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. வெங்காயத்தைத் தேடி எடுத்துக் கழுவினேன்.

கடைசி ஆட்டத்துக்கு முதல் வாரம் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன்னை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தச் சனிக்கிழமை ஒரு தடவை குனிந்தாலும் வெளியே எடுத்துவிடுவேன். அடுத்த வருடம் உன் இடத்துக்கு வேறு ஆள்." அவர் சொன்னது நியாயம். அதனால்தான் கூடுதலாகச் சுட்டது. உலகத்தில் நான் பெரிதாக நிற்கலாம் என்று விட்ட ஒரே இடம் அந்த வரிசையின் ஓரம். அதையும் என் முதுகே பறித்துவிடப் போகிறது.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பிடி என்ன பெரிய ஆள் அந்தக் கோச்? நான் வந்து பாக்கோணும்."

சொன்னபடி வந்தார். மடக்குக் கதிரை, குடை, தேத்தண்ணிப் பிளாஸ்க், ஒரு பெட்டி மரக்கறி றோல்ஸ். மைதானத்தின் கோட்டோரத்தில், அணிக்காரர் நிற்கும் இடத்துக்கே பக்கத்தில் கதிரையை விரித்தார். கோச்சைச் சண்டைக்கு இழுப்பார் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அம்மா ஒரு றோல்ஸை நீட்டினார். கோச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். அத்தோடு சண்டை முடிந்தது.

ஆட்டத்தின் கடைசி நிமிடம் வரை நான் ஒருத்தியையும் மிதிக்கவில்லை. காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கொக்கு மாதிரி ஓடினால் யாரைத்தான் பிடிக்க முடியும்? சாக்கும் இல்லை. நாங்கள் மூன்று புள்ளி முன்னால். பந்து அவர்களிடம், அதுவும் எங்கள் எல்லைக்கு மிகக் கிட்ட. அவர்கள் எறிந்து பிடித்தால் எல்லாம் முடிந்தது.

பந்து அசைந்தது. எனக்கு எதிரே நின்றவள் பலசாலி, செம்பட்டைத் தலைமயிர்க்காரி, நாள் முழுதும் என்னை அசையவிடாதவள். இரண்டு கையாலும் அவள் கைகளை அடித்து விலக்கினேன். மழையில் நனைந்த புல் வழுக்கி அவள் விழுந்தாள். குவாட்டர்பாக் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவள் முதுகு எனக்கு. ஒரு எட்டு வைத்தேன். என் கால் நல்ல வடிவாகச் செம்பட்டைக்காரியின் தோளில் பட்டது.

முதுகு வளையத் தொடங்கிவிட்டது. வலது கை கீழே போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அப்போது கோட்டோரத்திலிருந்து, அந்த மைதானம் அதுவரை கேளாத தமிழில் ஒரு குரல்:

"பிறகு கும்பிடலாம், இப்ப ஓடடி!"

யார் அந்தப் பழக்கத்தைப் பூட்டினாரோ, அவரே திறந்துவிட்டார். போன கை திரும்பி வந்தது. ஓடினேன். குவாட்டர்பாக்கின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன், இருவரும் சேற்றில் விழுந்தோம். பந்து அவள் கையிலேயே இருந்தது. ஆட்டம் முடிந்த விசில் கேட்டது, வென்றுவிட்டோம். மற்றப் பத்துப் பேரும் என் மேல் ஏறி விழுந்தார்கள். கோச் முறிந்து ஆறிய விரலையும் சேர்த்துக் கைதட்டினார்.

நான் சேறும் சிரிப்புமாகக் கோட்டோரம் போனேன். அம்மா குடையை எறிந்துவிட்டு, மழையில் நின்றுகொண்டிருந்தார். கட்டிப் பிடிப்பார் என்று நினைத்தேன். செம்பட்டைக்காரியை விரலால் காட்டினார்.

"போய் அந்தப் பிள்ளையைத் தொட்டுக் கும்பிட்டிட்டு வா."

"இப்பவோ அம்மா? எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்," என்றார். நான் திரும்பினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன், பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது.

"கூனிக்கொண்டு போகாதை பிள்ளை. நிமிந்து போ."