கடைவாயில் படுத்துக் கிடந்த ஞானப்பல்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலக் காலை. விம்கோ நகரிலிருந்து ராயபுரத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது.

இடது கடைவாய் ஞானப்பல் பல மாதங்களாகவே படுத்திக்கொண்டிருந்தது. ஈறு வீங்கும், மாத்திரை போடுவேன், வடிந்துவிடும். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தெளிவாகத்தான் சொன்னார். ஞானப்பல் என்றாலே பிடுங்க வேண்டும் என்றில்லை. நேராக முளைத்து, பிரஷ் எட்டினால் அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் என்னுடையது படுத்தவாக்கில் முளைத்துப் பக்கத்துப் பல்லை முட்டுகிறது, ஈறுக்கு அடியில் சாப்பாடு தங்கிச் சீழ் பிடிக்கிறது, வீக்கம் வடிந்ததும் வந்து எடுத்துவிடுங்கள் என்றார்.

வீக்கம் வடிந்தால் வலியும் போய்விடுகிறதே, அப்புறம் எங்கே போவது? கணவர் டிரெய்லர் ஓட்டுபவர். துறைமுக வாசலில் வண்டி மாட்டிக்கொண்டால் வீடு திரும்ப நாளாகும். பிள்ளைகள், சமையல், வேலை என்று எல்லாம் என் தலையில். பல்லுக்காக லீவு கேட்கக்கூட அலுப்பாக இருந்தது.

அன்று காலையிலேயே எச்சில் விழுங்க முடியவில்லை. கைக்குட்டையில் துப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். எண்ணூர் பக்கம் மீன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒரு பெண் பக்கத்தில் ஏறினார். உட்கார்ந்ததுமே தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தார். தள்ளிவிட எனக்குத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே திடுக்கிட்டு எழுந்தார்.

"இன்னாம்மா இது, ஒடம்பு அடுப்பு கணக்கா கொதிக்குது?"

பதில் சொல்லப் பார்த்தேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த என் முந்தானையை அவர் விலக்கிப் பார்த்தார். தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் வீங்கியிருந்தது. கண்ணாடியில்கூட நான் அதைப் பார்க்கவில்லை.

"மூச்சு வுட முடியுதா?" என்றார். கஷ்டமாக இருக்கிறது என்று கையால் காட்டினேன்.

"நீ வேலைக்கு போவ வாணாம். ஏம்ப்பா, ஓரமா நிறுத்து!"

லாரிகளுக்கு நடுவே என் கையைப் பிடித்து இறக்கி, சந்து வழியாக நடத்தியே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். என்னால் பேச முடியாததால் எல்லாவற்றையும் அவரே சொன்னார். நர்ஸ், "நீங்க யாரு?" என்று கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல், "அக்கா" என்றார்.

டாக்டர் பார்த்ததும் அவசரமாக உள்ளே கொண்டுபோகச் சொன்னார். "பல்லுல இருந்த சீழ் கழுத்துக்கு இறங்கிடுச்சு. இன்னும் தாமதிச்சிருந்தா மூச்சுக்குழாயை அடைச்சிருக்கும்" என்றார். கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லைச் சில நாள் கழித்து, வீக்கம் குறைந்தபிறகு எடுத்தார்கள்.

அன்று மயக்கம் தெளிந்து பார்த்தபோது அந்தப் பெண், என் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். என் செல்போனிலிருந்து கணவருக்கும் அவரே தகவல் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று சைகை காட்டினேன்.

"வூடு எங்கயும் ஓடிப்பூடாது. உன் வூட்டுக்காரரு வர்ற வரைக்கும் நான் இங்கயே கீறேன்."

சாயங்காலம் கணவர் ஓடிவந்தார். அவரிடம் பையைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அந்தப் பெண் கிளம்பிவிட்டார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு எத்தனையோ முறை தேடியும் அவரைப் பார்க்க முடியவில்லை.

அலுப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் ஒரு பகல் தூக்கத்தை எனக்காக விட்டுக்கொடுத்த அவரை நினைத்தால், என் உடம்பை இனியும் அலட்சியமாக விட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது.