செத்த கம்பிக்குக் காய்ச்சல் பார்த்த நாள்

பருத்தித்துறையில் பட்டம் இரண்டு வகை. ஒன்று தைப்பொங்கலுக்குக் கடற்கரையில் ஏற்றுவது. மற்றது பல்கலைக்கழகத்தில் எடுப்பது. இரண்டாவதை எங்கள் குடும்பத்தில் எடுத்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். அப்பா இன்றைக்கும் வங்கியில் பெருவிரலை மையில் தோய்ப்பார். ஆகவே எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் அது என்னுடையதுதான். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுப்பேன்.

மின்பொறியியல் படித்த எனக்கு, மின்கம்பிகளைப் பரிசோதித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் ட்ரோன் பறக்கவிடும் வேலை கிடைத்தது. சூட்டைப் படமாகக் காட்டும் கமரா ஒன்று அதன் வயிற்றில் இருக்கும். கம்பியும் கம்பியும் பொருந்தும் இடம் தளர்ந்தாலோ உப்புக் காற்று அரித்தாலோ அங்கே சூடேறும். அது நம் கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். இதை எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், இருக்கும் சனத்துக்கு விளங்கப்படுத்த எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. மீன் சந்தையில் அம்மாவுக்குப் பக்கத்தில் பெட்டி வைத்து மீன் விற்பவள் ஒரே வரியில் முடித்தாள்.

"பட்டம் படிச்சிட்டு வந்து பட்டம் விடுறாளாம்."

"ஓம், என்ரை பிள்ளை நூலில்லாமல் விடுவாள்," என்றார் அம்மா. "உன்ரை மோன் நூலோடை விட்டே கரண்ட் போஸ்டிலை கொழுவிப்போட்டு நிக்கிறான்."

எங்கள் மனேஜர் ஏணி வைத்துக் கம்பம் ஏறிய காலத்தவர். அந்தக் காலத்துப் பாதுகாப்புப் படிவம் ஒன்றை உயிர்போல வைத்திருந்தார். ட்ரோன் வந்ததும் அதைப் புதுப்பித்தார். அதாவது, 'ஊழியர்' என்று இருந்த இடமெல்லாம் 'ட்ரோன்' என்று மாற்றினார். மிச்சம் அப்படியே. 'ட்ரோன் இடுப்புப் பட்டி அணிந்துள்ளதா?' 'ட்ரோனின் சப்பாத்து ஈரமில்லாமல் உள்ளதா?' இவற்றுக்கெல்லாம் 'ஓம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தது யார் என்று கேட்காதீர்கள். கீழே கோடு இருக்கும்.

ஏழாவது கேள்விதான் வினை. 'வேலை தொடங்குமுன் மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளதா?'

"சேர், கரண்ட் ஓடினால்தானே கம்பி சூடேறும்? நிப்பாட்டிப்போட்டு எதைப் பாக்கிறது?"

"தங்கச்சி, கரண்ட் ஓடுற கம்பிக்குக் கிட்ட ஒண்டும் போகக்கூடாது. இண்டைவரைக்கும் என்ரை ஆக்கள் ஒருத்தரும் செத்ததில்லை."

"ட்ரோன் சாகாது, சேர்."

"உங்களுக்குப் படிப்பு இருக்கு, அனுபவம் இல்லை."

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'ஆளில்லா விமானப் பரிசோதனை காரணமாக மின்தடை' என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் 'ஆளில்லா விமானம்' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கக்கூடியவர்கள் என் வயதுக்காரர் மட்டுந்தான். முன்னொரு காலத்தில், யுத்தம் நடந்தபோது, அப்படி ஒன்று தலைக்கு மேல் இரைந்தது. சனம் அதை வண்டு என்றது. வண்டுக்குப் பின்னால் குண்டு வரும். நான் ட்ரோனைக் கிளப்பியதும் ஒரு பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலோரம் போய் நின்றார்.

நாங்கள் பார்க்க வேண்டியது ஐஸ் கொம்பனிக்குப் போகும் மின் லைன். ஊர் மீன் முழுவதும் அந்த ஐஸில்தான் தங்கியிருக்கிறது, அம்மாவின் பெட்டி உட்பட. திரையில் கம்பமும் கம்பியும் ஒரே நீலமாகக் கிடந்தன. சூடாக, சிவப்பாகத் தெரிந்தவை ஒரு காகமும் மனேஜரின் மொட்டைத் தலையும்தான்.

பக்கத்தில் நின்ற, கம்பம் ஏறும் லைன்மன் அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, செத்தவனுக்கோ காய்ச்சல் பாக்கிறம்?"

"பாத்தியளோ, என்ன குளிர்ச்சி!" என்றார் மனேஜர். "ஒரு குறையுமில்லை."

அதையே அறிக்கையாகத் தட்டச்சுச் செய்து மறுநாள் என்னிடம் நீட்டினார். 'குறை எதுவும் காணப்படவில்லை. பரிசோதித்தவர்:' அதற்குப் பிறகு என் கையெழுத்துக்கு வெற்றிடம். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஐஸ் கொம்பனி லைன் சுகமாம்."

"சுகமோ?"

"தெரியாது."

"தெரியாததுக்கோ பேர் வைக்கப்போறாய்? என்னெண்டு தெரியாத பேப்பரிலை பெருவிரல் வைச்சதுக்குக் கொப்பரை என்ன பேச்சுப் பேசினனி!"

நான் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, மறுபடி பறக்கவிடப் புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். இடுப்புப் பட்டிக்கு 'இல்லை', சப்பாத்துக்கு 'இல்லை', ஏழாவது கேள்விக்கும் 'இல்லை'. மனேஜர் படிவங்களை வாசிப்பவர் அல்லர், இடைவெளி விடாமல் நிரப்பியிருக்கிறதா என்று பார்ப்பவர். மறுநாள் மாலையில் ஒப்பம் வைத்துத் தந்தார்.

அடுத்த நாள் விடியப்புறம் வள்ளங்கள் கரைக்கு வந்தன. ஐஸ் கொம்பனி மெசின்கள் முழு மூச்சில் இரைந்தன. லைன்மன் அண்ணையும் நானும் ட்ரோனை ஏற்றினோம். மூன்று கம்பிகள், மூன்று பொருத்துகள், மூன்றிலும் ஒரே மின்சுமை. ஓரத்து இரண்டும் நீலம். நடுவில் இருந்தது சிவப்பையும் தாண்டிச் சுண்ணாம்பு வெள்ளை.

"ஐயோ பிள்ளை," என்றார் அண்ணை. "உவனுக்குக் காய்ச்சல் இல்லை, சன்னி!"

படத்தை மனேஜரின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை உது இல்லையே?"

"ஞாயிற்றுக்கிழமை அது செத்துக் கிடந்தது, சேர்."

புது அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். கோட்டை வழமையைவிட நீளமாக இழுத்தேன். மனேஜரும் சும்மா இருக்கவில்லை. அன்றே படிவத்தைத் திருத்தினார். ஏழாவது கேள்வி இப்போது, 'வேலை தொடங்குமுன் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பது உறுதிசெய்யப்பட்டதா?'

எங்கள் கம்பனியில் எல்லா வேலைக்கும் ஒரே படிவந்தான். பொருத்து மாற்றும் நாளில் லைன்மன் அண்ணை ஏணியைச் சாத்திவிட்டு, மனேஜர் கையில் தந்த தாளை வாசித்தார். மேலே கம்பியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நீ போடு பிள்ளை. கோடும் இழு. நான் ஏறமாட்டன்."

ஏழாவது கேள்வியைக் கையால் வெட்டி, 'மின்சாரம் நிறுத்தப்பட்டது' என்று எழுதினேன். உண்மையிலேயே நிறுத்தியாயிற்றா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கீழே பெயர் வைத்தேன். அண்ணை ஏறினார். மத்தியானம் வரை ஐஸ் இல்லை.

"உவள் திரும்பவும் கரண்டை நிப்பாட்டிப்போட்டாள்," என்று ஒழுங்கை முழுக்க ஒரே பேச்சு. முதல் முறை நிறுத்தியது மனேஜர். அந்த முறை அது உண்மை.