சத்தம் போடாத இறக்கை

காற்றே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு காற்றுக்குச் சட்டை தைப்பதுதான் என் தொழில். மெஷினுக்கு முன்னால் குனிந்து குனிந்து கழுத்து தேய்ந்தவர்கள், ஊசி ஏறின விரலை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த தையலை ஓட்டினவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம ஆள்தான். கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எந்தச் சாமிக்கு?

தெஹியோவிட்டையிலிருந்து மேலே ஏறினால் எங்கள் ரப்பர் தோட்டம். பால் வெட்டி வெட்டி முழங்கால் போன பிறகு, நுவன் மாத்தயாவிடம் தையலுக்குச் சேர்ந்தேன்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ரப்பர் சீட்டுக்குப் புகை போடுகிற பழைய கட்டடத்தைத் தோட்டத்திடமிருந்து வாடகைக்கு எடுத்து அவர் பட்டறை போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் குவைத்தில். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்து வீட்டில் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமையும் வரட்டுமா என்று மாத்தயாவிடம் கேட்ட ஒரே ஆளும் நான்தான்.

நாங்கள் தைத்தது இறக்கை. கடலில் ஒரு பலகைமேல் ஏறி நின்று இதைக் கையில் பிடித்தால், காற்று ஆளை இழுத்துக்கொண்டு போகும். முன் ஓரத்தில் சைக்கிள் டியூப் மாதிரி ஒரு குழாய், பம்ப் அடித்தால் விறைத்து நிற்கும். அதற்குப் பின்னால் பாராசூட் துணி. முதல் இறக்கைக்குக் காற்றடித்து, எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வெளியே ஒரு ரப்பர் மரத்தில் சாய்த்து வைத்தோம். பால் வாளியோடு வந்த பக்கத்து லயத்து ராமாயி, வாளியைக் கீழே வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஏக்கா, இது எந்தச் சாமிக்கு வாகனம்?"

பறக்கிற லைசன்

வாகனத்துக்கு ஒரு வியாதி இருந்தது. காற்றில் பிடித்தால் பின் ஓரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்படி அடித்தால் காற்றின் இழுவை பாதி வீணாகும், பிடிக்கிறவர் கையும் மரத்துப்போகும். மாத்தயா ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். இந்தச் சத்தம் நின்றால் வெளிநாட்டு ஓடர் வரும், வந்தால் பட்டறையைக் கற்பிட்டிப் பக்கம் கடற்கரைக்கே கொண்டுபோய்விடலாம் என்று. துணி வெட்டுகிற குசுமா கைதட்டினாள். அவள் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண், பகலில் என் சோற்றுப் பொட்டலத்தை அவள் பிரிப்பாள், அவளுடையதை நான் பிரிப்பேன். நான் மட்டும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நூல் லேசில் ஏறவில்லை.

எங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லை. காற்றைத்தான் ரப்பர் மரங்கள் உள்ளே விடாது. அதனால் மாத்தயா பின்பக்கம் திறந்த தன் கெப் வண்டியின் தலையில் கம்பி நட்டு, இறக்கையை அதில் கட்டி, விடிந்ததும் அவிசாவளை ரோட்டில் வேகமாக ஓட்டுவார். நானும் குசுமாவும் பின்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக் கையைக் காட்ட வேண்டும். ஒருநாள் பொலிஸ் மறித்தார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் வண்டியைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். மாத்தயா பணிவாக வண்டி ஓட்டுகிற லைசனை எடுத்து நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "இது ரோட்டுல ஓடுறதுக்கு. பறக்கிறதுக்கு உள்ளத காட்டுங்க."

பொட்டு

ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் பால் வெட்டுகிற கத்தியிலிருந்து லொறி வரைக்கும் பொட்டு இல்லாமல் எதுவும் நிற்காது. நான் மெஷினுக்கு வைத்தேன், கத்தரிக்கோலுக்கு வைத்தேன், பம்புக்கும் வைத்தேன். மேசைமேல் புதிதாகத் தைத்து முடித்த வெள்ளை இறக்கை விரித்துக் கிடந்தது. அதை மட்டும் விட மனசு வரவில்லை. நடுவில் சந்தனம் குழைத்து வைத்து, மேலே அழுத்தமாக ஒரு குங்குமம்.

மறுநாள் பார்த்த மாத்தயா தலையில் கையை வைத்துக்கொண்டார். சோப்புப் போட்டோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. வேறு இறக்கை தைக்க நேரமில்லாமல் அதையே கற்பிட்டிக்கு அனுப்பினோம். அங்கே கடலில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவர் மார்ட்டின் என்று ஒரு வெள்ளைக்காரர். கறையைப் பார்த்துவிட்டு இறக்கையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அவர் எடுத்து அனுப்பின வீடியோவில், மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒன்றும் புரியவில்லை, பொட்டு இருந்த இடம் மட்டும் உள்ளே குழிந்து குழிந்து எழும்புவது தெளிவாகத் தெரிந்தது. துணி அங்கே தொய்வதால்தான் ஓரம் அடித்துக்கொள்கிறது என்று மாத்தயா கண்டுபிடித்துவிட்டார். மார்ட்டின் போனில் சொன்னதை எங்களுக்குச் சத்தமாக மாற்றிச் சொன்னார்: "ஒரு பொட்டு போதாதாம். இறக்கை பூரா வச்சு அனுப்பணுமாம்."

வெடி

அப்புறம் குங்குமம் போய் மை வந்தது. வரிசை வரிசையாகப் பொட்டு. எந்தப் பொட்டு தொய்கிறதோ அந்த இடத்துத் துணியை மாத்தயா வேறு வளைவில் வரைவார், குசுமா வெட்டுவாள், நான் தைப்பேன். பின் ஓரம் விறைப்பாகிக்கொண்டே வந்தது. ரோட்டில் கேட்கிற படபடப்பும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. பட்டறையில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. நான் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு, ஒரு ஆளுக்கு உலை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக முன் குழாயையும் ஒல்லியாக்கினார்கள். குழாய் தடித்திருந்தால் காற்று அதில் முட்டித் தடுமாறுகிறதாம், ஒல்லியாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகுமாம். ஆனால் ஒல்லிக் குழாய் வளையாமல் நிற்கக் காற்றை இன்னும் இறுக்கி அடிக்க வேண்டும். குசுமா பம்பை அழுத்தினாள், நான் தையலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படாரென்று வெடித்தது. லயத்து நாயெல்லாம் குரைத்தது. மாத்தயா சுவரோரம் போய் நின்றுவிட்டார். பட்டறை இன்னும் கொஞ்ச நாளைக்கு எங்கேயும் போகாது என்று எனக்குள்ளே ஒரு நிம்மதி இறங்கி உட்கார்ந்தது. குசுமா என் முகத்தையே பார்த்தாள். மெதுவாக, மாத்தயாவுக்குக் கேட்காமல் கேட்டாள்: "அக்கே, குழாய் வெடிச்சதுக்கு நீங்க ஏன் சிரிக்கிறீங்க?"

கிழிந்தது

குழாய்க்குக் கெட்டித் துணி வந்தது. இரட்டைத் தையல் போட்டேன். நல்லாத்தான் தைத்தேன், கை வேறு மாதிரி தைக்கப் பழகவில்லை. கெப் வண்டி அவிசாவளை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் காட்டவே இல்லை.

ஓடர் வந்தது. லொறியும் வந்தது. மாத்தயா என்னையும் கூப்பிட்டார், அறை தருகிறேன் என்றார். நான் லயத்து வீட்டைப் பூட்டிப்போட்டால் தோட்டத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குவைத்திலிருந்து வருகிற பிள்ளை வந்து இறங்க ஒரு கதவு வேண்டாமா? நான் வரவில்லை என்றேன். மாத்தயா லொறியில் ஏற்றின என் மெஷினை ஆட்களை விட்டு இறக்கச் சொன்னார். நாலு பேர் தூக்கி வந்து என் வாசலில் வைத்தார்கள். வண்டியில் ஏறும்போது சொன்னார்: "அம்மே, கிழிஞ்சதெல்லாம் இனி உங்களுக்குத்தான் வரும்."

கேட்குதா?

வருகிறது. பஸ்ஸில் போட்டு விடுவார்கள், ரோட்டில் இறங்கி வாங்கிக்கொள்வேன். மடிப்பைப் பிரித்தால் கடல் மணல் கொட்டும். கூட்டி அள்ளி வாசலில் போடுவேன். நல்லாப் பறக்கிறவரைக்கும் எந்த இறக்கையும் என்னிடம் வராது, அதனால் நான் தைத்தது கடலில் பறந்து நேரில் நான் பார்த்ததில்லை.

போன கிழமை குசுமா கடற்கரையிலிருந்து வீடியோ கோல் எடுத்தாள். தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் மார்ட்டின் போய்க்கொண்டிருந்தார், கையில் வெள்ளை இறக்கை, நடுவில் சிவப்பாகப் பொட்டு. இப்போது எல்லா இறக்கையிலும் அதே இடத்தில் அந்தப் பொட்டை வைத்துத்தான் விற்கிறார்களாம். குசுமா போனை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். நான் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். அலை கேட்டது. வேறொன்றும் இல்லை. குசுமா கத்தினாள்: "அக்கே, பக்கத்துல வந்தும் ஒரு சத்தம் இல்ல! கேக்குதா உங்களுக்கு?"

இத்தனை காலம் பாடுபட்டு ஒரு படபடப்பை ஒழித்துக்கட்டினேன், இப்போது சோறு பொங்கும்போதுகூட ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.