மாமா கையில் ஐந்து ரப்பர் பேண்ட்

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, எழுதி வைக்கிற சீட்டில் நம்பிக்கை கிடையாது. காட்டுமன்னார்கோயிலில் எங்கள் வீட்டிலேயே தங்கி அரிசி மில்லில் வேலை பார்த்தார். வாரம் ஒருமுறை மில் வேலையாகச் சிதம்பரத்துக்கு டவுன் பஸ் ஏறுவார். அன்றைக்குப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோருக்கும் சிதம்பரத்தில் வேலை இருப்பது ஞாபகம் வரும். அப்பாவுக்குச் செருப்பு மாற்ற வேண்டும், அம்மாவுக்கு மிக்ஸி ஜார் ரிப்பேர். வேலைக்கு ஒன்றாக இடது மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்வார். முடிய முடியக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கை காலியானால் ஊர் திரும்பலாம். அம்மா எழுதிக்கொண்டு போகச் சொன்னால், "சீட்டு பாக்கெட்டுல தூங்கும்க்கா, கை கண்ணு முன்னாடி ஆடும்" என்பார். அவரே செய்த பழமொழி. நேரத்தைக் கையாள்வது பற்றி இன்று பெரிய ஆட்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரியே இன்னும் தீரவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. மாமாவுக்கு வளையல் ஆசை, ஆண்களுக்குத் தர மாட்டார்கள், அதனால் ரப்பர் பேண்ட் என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஒருமுறை மாமா சிதம்பரம் போகிற நாளே, அங்குள்ள கல்லூரியில் அக்காவின் நர்சிங் விண்ணப்பத்தைக் கொடுக்கக் கடைசி நாள். வருமானச் சான்றிதழ் முந்தின நாள்தான் கைக்கு வந்தது. அவளுக்கோ அம்மை போட்டிருந்தது. வெளியே போக முடியாது. இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பதாக அப்பா வேறு சொல்லியிருந்தார். மாமா அன்றைய ஐந்து ரப்பர் பேண்டையும் ஜன்னல் கட்டையில் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அக்காவின் வேலைக்கு மட்டும் அகலமான சிவப்பு. எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது, சடை அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஐந்தில் ஒன்று போனால் என்ன என்று சிவப்பை எடுத்து முடிந்துகொண்டேன். பஸ் ஹாரன் கேட்டதும் மாமா இருந்ததை அள்ளி மாட்டிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் புதுச் செருப்போடும் ஜாரோடும் சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா பாயிலிருந்தபடி, "மாமா, ஃபாரம் குடுத்தாச்சா?" என்றாள்.

மாமா தன் கையைப் பார்த்தார். பிறகு பையின் ஜிப்பைத் திறந்தார். கவர் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பொண்ணு படிப்புடா. செருப்ப மறக்கல, ஜார மறக்கல, இத மறந்துட்டு வந்து நிக்கற" என்றாள் அம்மா.

"வுடு. மச்சான் வளையல் போட்டுக்கினு ஊர் சுத்தப் போயிருக்காரு" என்றார் அப்பா.

மாமா ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தார். திரும்பினார். அவர் பார்வை என் சடையில் வந்து நின்றது. நானே முடிந்த சடை, அழகாக இருக்கிறது போலும் என்று தலையை ஆட்டிக் காட்டினேன். மாமா அம்மா பக்கம் திரும்பி, "மாட்டவே மறந்துட்டேன்க்கா. தப்பு என்னுதுதான்" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். தேதி முடிந்துவிட்டது என்று கல்லூரி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவர் அங்கிருந்து நகரவில்லை. மத்தியானம் சாப்பிடக் கிளம்பிய ஆபீஸ் அம்மா, இன்னும் போகவில்லையா என்று கேட்டாராம். "புள்ளைக்கு அம்மை. மறந்தது நான். அதுக்கு அவ ஏன் வீட்டுல ஒக்காரணும்?" என்றிருக்கிறார் மாமா. வந்த விண்ணப்பங்கள் அதுவரை மேலே போகவில்லை. அந்த அம்மா மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். இன்று அக்கா கடலூரில் நர்ஸ். அந்த நாளுக்காக மாமாவுக்கு நான் நன்றி சொல்லி முடியவில்லை.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் மாமா ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். தலைக்குப் போடுகிற சிவப்பு ரப்பர் பேண்ட், ஒரு டஜன். "இனிமே இத போட்டுக்க, பாப்பா" என்றார். தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மாமா என்றால் வாங்கித் தருவார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அம்மா சீட்டு எழுதி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லித்தான் அவரை அனுப்பினாள். வருகிறவர்களிடமும், இவனிடம் ஒன்று சொன்னால் ஒன்பதை மறப்பான் என்பாள். மாமா ஒருநாளும் மறுத்ததில்லை. வாசலில் நின்று பள்ளிப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்துவிட்டு, வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நடப்பார். ரப்பர் பேண்ட் விளையாட்டு அவருக்கு அலுத்துப்போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.