சத்தம் பதியாத பதினேழு நிமிடங்கள்

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் நாரணாபுரத்தைச் சுற்றியிருந்த பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்த்தவள். நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். மருந்துத் தூசியால் வந்ததா என்று கேட்டேன். அதுவாகவும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்று முடித்துக்கொண்டார். வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்தோம். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்தே கிடந்தாள். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். குரல் காற்றாக வரும்.

ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வயதாகும்போது மச்சான் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. ஏன் போனார் என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை. தம்பியான நானும் கேட்டதில்லை.

ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"ஏலே தம்பி, நான் பேசுறதப் படம் புடிச்சு வைக்க முடியுமாலே? புள்ளைக்கு."

"அவ அடுத்த வாரம் வாராளேக்கா. நேர்லயே சொல்லு."

"அவ மொகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது. அவ அப்பா விசயமும் இருக்கு. கேமராவப் பாத்துன்னா சொல்லிருவேன்."

முதலில் போனில்தான் எடுத்துப் பார்த்தோம். ஆக்சிஜன் மிஷினின் இரைச்சல்தான் கேட்டது. அதற்குள் எங்கோ அவள் குரல். அதைக் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா என் சத்தம்?" என்றாள். மிஷினை நிறுத்திவிட்டு எடுக்கலாம் என்றால் அவளால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியாது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் டிசைன் போடுகிறவன். என் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்தது. வீடியோ எடுக்கத் தனி மென்பொருள் எதையும் அந்தக் கிழட்டு லேப்டாப் தாங்காது. கருப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் கேமராவிலிருந்து படத்தையும் மைக்கிலிருந்து சத்தத்தையும் சேர்த்து ஒரே கோப்பாக எழுதிவிடும் எஃப்எஃப்எம்பெக் என்ற சின்ன நிரல் மட்டும்தான் அதில் ஓடும். சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கினேன். வாய்க்கு அருகில் இருந்தால் மிஷின் இரைச்சல் அமுங்கிவிடும்.

மதியச் சாப்பாட்டு வேளையில் அச்சகத்தில் வைத்தே சோதித்தேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஒலிக்கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும். புது மைக்குக்கு ஒன்று என்று கொடுத்திருந்தது. அந்த எண்ணைப் போட்டுக் கட்டளையை எழுதினேன். பின்னால் அச்சு மெஷின் ஓடும்போதே என் குரல் தெளிவாகப் பதிந்தது. இன்னொரு காரியமும் செய்தேன். லேப்டாப்பின் சொந்த மைக் இரைச்சலை இழுத்துவிடக் கூடாதே என்று அதன் சத்தத்தை முழுக்க அணைத்துவைத்தேன்.

மறுநாள் காலை அக்கா தலையை வாரி, கல்யாணத்துக்குப் போகிற சேலையை மேலே போர்த்தியிருந்தாள். மைக்கைச் சொருகிவிட்டுத்தான் லேப்டாப்பை ஆன் செய்தேன். முந்தின நாள் ஆன் செய்த பிறகு சொருகியிருந்தேன். இந்த ஒரு வித்தியாசத்தில் எண்கள் இடம் மாறிவிட்டன என்பது எனக்குத் தெரியாது. ஒன்று என்பது இப்போது நான் அணைத்துவைத்த மைக். கருவிகளின் பட்டியலை மறுபடி ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நேற்றைய வரியையே அப்படியே அடித்தேன். திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. பிழை என்று எதுவும் காட்டவில்லை.

"நீ வெளிய போலே. முடிஞ்சதும் டம்ளரத் தட்டுறேன்," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றேன். தெருவில் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய வண்டி ஒன்று பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே மிஷின் சத்தம் மட்டும். டம்ளர் சத்தம் கேட்டுப் போனபோது அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அம்புட்டையும் சொல்லிட்டேன்," என்றாள். பதினேழு நிமிடம். போட்டுப் பார்க்கவா என்று கேட்டேன். "அவ பாக்கட்டும் முதல்ல," என்றாள்.

அன்று சாயங்காலமே மூச்சுத் திணறியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் முகத்தை இறுக்கி ஒரு மாஸ்க் போட்டார்கள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை.

மறுநாள் பகலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு நொடி மட்டும் சரிபார்ப்போம் என்று லேப்டாப்பில் கோப்பைத் திறந்தேன். படம் நன்றாக இருந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. இயர்போனை மாற்றினேன். ஒலியை மட்டும் தனியாகப் பிரித்துப் பல மடங்கு கூட்டிப் பார்த்தேன். இரைச்சல்கூட இல்லை. ஒன்றுமே பதியவில்லை.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன். என்னைக் கண்டதும் அவள் விரலால் தன் வாயைத் தொட்டு, பிறகு காதைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினாள். கேட்கிறதா என்று கேட்கிறாள்.

"தெளிவா வந்திருக்குக்கா," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். மகள் வந்து மூன்று நாள் கூடவே இருந்தாள். நாலாம் நாள் அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் மகள் என்னிடம் வந்து, "அம்மா எனக்கு ஏதோ பேசி வச்சிருக்காகன்னு பக்கத்து வீட்டு அத்தை சொன்னாக. குடுங்க மாமா," என்றாள்.

கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து.

அவள் அழவில்லை. 

"நீங்க அப்படிச் சொன்னப்ப அம்மாவுக்கு நினைவு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சும்மா."

"கை அசைஞ்சுச்சுல்ல?"

"ம்."

"பேச முடியாதவகளுக்கு நாங்க பேப்பரும் பேனாவும் குடுப்போம் மாமா. நீங்க எங்கிட்டச் சொல்லிருந்தா நான் குடுத்திருப்பேன்ல."

  அக்காவின் நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. என் தவறை அவள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ளப் பயந்தேன் என்பதும் அதில் இருக்கிறது.

பென்டிரைவில் கோப்பை வாங்கிக்கொண்டு போனவள் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது சாத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன மாதம், முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாப்பிட்டாள். பிறகு என் லேப்டாப்பைக் காட்டி, அந்த வீடியோவில் ஒரு துண்டு மட்டும் வெட்டித் தர முடியுமா என்று கேட்டாள்.

அவள் ஓட்டிக் காட்டிய பதினோராவது நிமிடத்தில் அக்கா பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். நான் அதுவரை கவனித்ததில்லை. முழுதாக ஒருமுறைகூடப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

"இங்கன எதுக்குச் சிரிச்சாக மாமா?"

"தெரியலம்மா."

"நானும் உதட்ட வச்சுக் கண்டுபுடிக்கப் பாத்தேன். என் பேரு மட்டும் நாலு தடவ வருது. மத்தது புரியல."

தொடங்கும் நொடியையும் முடியும் நொடியையும் அவள் சொல்லச் சொல்ல நான் கட்டளையை அடித்தேன். சத்தத் தடத்தில் எதுவும் இல்லையே, அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்காதீக. அம்மா பேசின எடம்ல அது," என்றாள்.

ஒன்பது நொடிகள் வந்தன. அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, சாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.