இருபதுக்குப் பூஜ்யம்

ஏழாம் வகுப்பில் ஒரு தேர்வில் நான் இருபதுக்குப் பூஜ்யம் வாங்கினேன். அதற்காக நான் பட்ட பாட்டை முழு மதிப்பெண் வாங்கியவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

குன்னூரில் எங்கள் பள்ளியில், கணக்கு நன்றாக வரும் ஏழெட்டுப் பேரைப் பொறுக்கி, மாலையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்கள். சிறப்பு வகுப்பு என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜீப் நாலு மணிக்கே போய்விடும். சிறப்பு வகுப்பு முடிய ஐந்தரை ஆகும். வெலிங்டனில் ஒரு ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, வேலை முடிந்து பள்ளிக்கு வந்து என்னை பஸ்ஸில் அழைத்துப் போவார். இறங்கியபின் தேயிலைக்கு நடுவே இருபது நிமிட நடை. அந்த வழியில் ஒரு வளைவில் காட்டெருமைகள் மேய வரும்.

அப்பாவுக்குக் காட்டெருமை என்றால் குலை நடுங்கும். இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. வளைவு நெருங்கும்போது, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு பார்க்கலாம் என்பார். நான் சொன்னால் போதாது, அவரும் சேர்ந்து ஊருக்கே கேட்கும்படி சொல்வார். ஆள் வரும் சத்தம் கேட்டால் மாடு விலகிப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதெல்லாம் என் படிப்புக்காகத்தான் என்று நான் நம்ப வேண்டும். அந்தக் குளிரிலும் என்னைப் பிடித்திருக்கும் அவர் கை வியர்த்திருக்கும்.

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த வகுப்பில் விருப்பமில்லை. "ஏனுங்க, ஏழாவது படிக்கற புள்ளைக்கு ஒம்பதாவது கணக்கு எதுக்குங்க? பொழுதோட ஊடு வந்து சேரட்டும்" என்பாள். அப்பா மசியவில்லை. வகுப்பு பிடித்திருக்கிறதா என்று இருவருமே என்னிடம் கேட்கவில்லை. பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

டிசம்பரில் ஒரு மாலை, மூடுபனிக்குள் வளைவு திரும்பியதும் பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை நின்றது. வாய்ப்பாடு பாதியில் நின்றுபோனது. அப்பா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு அசையாமல் நின்றார். அது எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது. வீட்டுக்கு வந்தபின் காபியை அடுப்போரம் ஒண்டிக்கொண்டுதான் குடித்தார். குளிர் என்றார். எனக்கு அழுகை வந்தது. அப்பாவை இதிலிருந்து எப்படியாவது விடுவித்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த மாதக் கடைசியில் சிறப்பு வகுப்புக்கு ஒரு தேர்வு. எட்டு மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கினால் வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருக்கும். சரியானதை டிக் செய்ய வேண்டும். எனக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. ஒவ்வொரு கணக்கையும் முழுதாகப் போட்டு, சரியான விடையைக் கண்டுபிடித்து, அதைக் கவனமாகத் தவிர்த்துவிட்டு வேறொன்றை டிக் செய்தேன்.

கணக்கு மிஸ் அப்பாவை வரச்சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். விடைத்தாளைப் பார்த்த அப்பாவின் முகம் வாடிவிட்டது. மிஸ்ஸோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடிட்டு டிக் போட்டிருந்தாக்கூட நாலஞ்சு சரியா வந்திருக்குமுங்க சார். எல்லா விடையும் தெரிஞ்சாத்தான் இப்படி இருபதும் தப்பாப் போட முடியும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிள்ளை வகுப்பிலேயே இருக்கட்டும் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். என் உழைப்பெல்லாம் வீணாயிற்றே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று பஸ்ஸில் கேட்டார். உங்களுக்கு மாடு என்றால் பயம், அதனால்தான் என்றேன்.

"பயந்தான் கண்ணு," என்றார். "ஆனா நாள் பூராவும் உங்கூட நடக்கற அந்த நேரத்துக்குத்தான் காத்துட்டிருக்கறன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மாவிடம் ஓடி, அப்பா பயத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சொன்னேன். அம்மாவுக்கு அது ஒரு செய்தியே இல்லை போலிருக்கிறது, சிரித்தாள். அவர் சொன்ன மற்றதை நான் சொல்லவில்லை. அதில் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.